வராதவர்களுக்குக் கட்டம் இல்லை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் சொல்வார்கள், வேலை பார்த்த இடங்களிலும் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் இந்த ஒரு விஷயத்தை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஆரம்பித்தால் பாதியில் அழ ஆரம்பித்துவிடுகிறேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி தொடரலாம்.

தமிழ் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்துக் கிடந்த நாட்களில், ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு ஒப்பந்த ஆசிரியை வேலை கிடைத்தது. தொடக்கப் பள்ளிகளில் எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளைகளைக் காலையில் வகுப்பிலேயே கவனித்துவிட்டு, மதியத்துக்கு மேல் தனியாக உட்கார வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் புழங்குகிற சொற்களிலிருந்தே வாசிப்பைத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தியது. நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பயிற்சியின் முதல் நாள் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள்: 'ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது.' அதைப் பார்த்து நான் கண் கலங்கினேன். அவ்வளவு சீக்கிரம் கலங்குகிற ஆள்தான் நான்.

எனக்கு ஒதுக்கிய பள்ளி மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம். எங்கள் வீடு அதியமான்கோட்டையில். விடிந்தும் விடியாமலும் கிளம்பி, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் மாறி, பாலக்கோடு தாண்டி மாரண்டஹள்ளியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் பாதி இடத்தைத் தக்காளிப் பெட்டி அடைத்துக்கொள்ளும். மீதி இடத்தில் நாங்கள் ஒடுங்கிக்கொள்வோம். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது என் புடவையில் தக்காளிச் செடி வாசம் அடிக்கும். தலைமையாசிரியர், 'டீச்சர் வர்றதுக்கு முன்னாடியே ரசம் வாசம் வந்துடுது' என்பார். நல்ல மனிதர். இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதையும் நடத்திக்கொண்டு, மேலிடத்திலிருந்து கேட்கிற புள்ளிவிவரத்தையெல்லாம் செல்போனில் ஏற்றிக்கொண்டு, இடையில் சத்துணவுக் கூடத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

எங்கள் திட்டத்திலும் மாதாமாதம் ஏற்றுவதற்கு நிறைய இருந்தது. எழுத்து தெரிந்தவர்கள் எத்தனை பேர், சொல் படிப்பவர்கள் எத்தனை பேர், பத்தி படிப்பவர்கள் எத்தனை பேர். இதற்குச் 'செயல்திறன் குறியீடு' என்று தமிழில் பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை, இன்டிகேட்டர் என்றுதான் சொல்வோம். 'வண்டியில இன்டிகேட்டர் போட்டா எந்தப் பக்கம் திரும்பறான்னு தெரியும். இதப் போட்டா நம்மள எந்தப் பக்கம் திருப்பப் போறாங்கன்னே தெரியலீங்கம்மா' என்று தலைமையாசிரியர் அலுத்துக்கொள்வார். நான் சிரிப்பேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நான் சொல்ல வந்த பிள்ளை மூன்றாம் வகுப்பு. சன்னலோரம் உட்காருவாள். புத்தகத்தை விரித்தால் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்வாள், யாரோ பிடுங்கிக்கொள்ள வருவது மாதிரி. அவளுக்கு ஓர் அக்கா, அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல ஒரே மூச்சில் பாடத்தை முடித்துவிடும் பெண். 'அதுக்கு ஒண்ணியும் தெரியாதுங்க டீச்சர்' என்று தங்கையைப் பற்றி முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள். தங்கை மறுக்கவில்லை. தெரியாது என்பது அவள் பெயரோடு ஒட்டிக்கொண்ட இனிஷியல் மாதிரி ஆகியிருந்தது.

அந்த ஊரில் பாதி வீடுகளில் கன்னடம்தான். கடையில் தமிழ், வீட்டில் கன்னடம், சண்டை வந்தால் இரண்டும். அவள் வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துத் தமிழில் அவள் வாய் திறக்கவே பயப்பட்டாள். அக்காவுக்கு எப்படியோ பிடிபட்டுவிட்டது, இவளுக்குப் பிடிபடவில்லை. அவ்வளவுதான் குறை. இதை மந்தம் என்று யாரோ எப்போதோ சொல்லிவைக்க, அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு மதியம், வீட்டில் தண்ணிக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். மெதுவாக, 'நீரு' என்றாள். நான் பலகையில் 'நீர்' என்று எழுதினேன். மற்றப் பிள்ளைகள் அது புத்தகத்துச் சொல் என்று முழித்துக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் பலகையைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுப் படித்தாள். கல், கண், மரம், எலை என்று அவள் வீட்டிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்தோம். தன் வீட்டுச் சாமானை இந்தப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். அன்று போகும்போது, 'நாளைக்கும் ஓதலாமுங்களா டீச்சர்?' என்று கேட்டாள். படிப்பதற்கு அவர்கள் ஓதுவது என்றுதான் சொல்வார்கள். 'ஏன், மந்திரமா ஓதறதுக்கு?' என்று சீண்டினேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதற்கு முன் நான் பார்க்காதது.

ஆடி போய் ஆவணி போய், மார்கழிப் பனி இறங்குவதற்குள் அவள் பத்தி படிக்க ஆரம்பித்துவிட்டாள். வேகம் கிடையாது. வரிக்கு அடியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லையும் காலால் தடவிப் பார்த்து ஆற்றில் இறங்குகிறவளைப் போலப் படிப்பாள். யாராவது அவசரப்படுத்தினால் நின்றுவிடுவாள். அவசரப்படுத்தாவிட்டால் கடைசி வரைக்கும் போய்விடுவாள். முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, என் முகம்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடுமே. அந்தப் பிள்ளைமேல் எனக்கு உயிர். மற்றப் பிள்ளைகளும் என் பிள்ளைகள்தான், ஆனாலும் ஒரு பிள்ளை நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

அவள் அம்மா தக்காளி பறிக்கிற கூலி வேலைக்குப் போகிறவர். அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவார். சாயங்காலம் நான் ஆட்டோவுக்கு நிற்கிற இடத்தில் அந்த அம்மாவைப் பார்ப்பேன். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவராகத்தான் இருப்பார், ஆனால் என்னைப் பார்த்ததும் இடுப்பில் சொருகிய சேலையை இறக்கி விட்டுக்கொண்டுதான் பேசுவார்.

'உங்க சின்னப் பாப்பா நல்லா படிக்கிறாங்கம்மா' என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

'நீங்க நல்லவங்க டீச்சர், அப்படித்தான் சொல்லுவீங்க' என்பார்.

'நெசமாத்தாங்க. கேட்டுப் பாருங்க, புத்தகத்தக் குடுத்து படிக்கச் சொல்லுங்க.'

'எனக்கு இன்னா தெரியும் டீச்சர். அது பாட்டுக்கு இன்னாத்தயோ சொல்லும், நான் சரின்னுதான் தலையாட்டணும்.' இதைச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் 'சாப்பிட்டியா' என்பார்கள், பட்டினியாகக் கிடந்தாலும் 'இப்பத்தானுங்க ஆச்சு' என்போம். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். அது மரியாதை. ஒருவரின் பிள்ளையைப் பற்றி முகத்துக்கு நேரே குறை சொல்லாததும் அந்த மரியாதையில் சேர்த்திதான். நான் சொன்னதையும் அந்த அம்மா அந்தக் கணக்கில் எழுதிவிட்டார். நான் சத்தியம் பண்ணியிருந்தாலும் அது இன்னும் பெரிய மரியாதையாகத்தான் ஆகியிருக்கும்.

கடைசி மதிப்பீட்டுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்திருந்தாள். சின்னப் பெண், சுறுசுறுப்பானவள், டேப்லெட்டும் கையுமாகவே இருப்பாள். சுவரில் பெரிய தாளை ஒட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்களைக் காட்டி விளக்கினாள். எல்லாப் பிள்ளைகளும் பத்தி படித்தால் பள்ளிக்குப் பச்சை. சிலர் படிக்காவிட்டால் மஞ்சள். பலர் என்றால் சிவப்பு.

'செவப்புன்னா பழுத்துடுச்சுன்னு தானுங்களே? ஏன் வேணாங்கறீங்க?' என்று தக்காளி பறிக்கிற ஓர் அம்மா கேட்க, கூட்டமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: 'இது தக்காளி இல்லீங்கம்மா. இங்க பச்சைதான் நல்லது. பச்சை வந்தா உங்க ஸ்கூலுக்கும் பேரு, உங்க டீச்சருக்கும் பேரு.'

'ஒரே ஒரு புள்ள படிக்கலன்னா?' என்று இன்னோர் அம்மா கேட்டார்.

'அப்பவும் மஞ்சள்தாங்க.'

சன்னலோரப் பிள்ளையின் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்த பிறகு என் அருகில் வந்து நின்றார்.

'மஞ்சள் வந்தா உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆவுங்களா டீச்சர்?'

'ஒண்ணும் ஆவாதுங்கம்மா. நீங்க கவலப்படாம பாப்பாவ அனுப்பி வையுங்க. அவ படிப்பா.'

சரிங்க என்றார். நான் சொன்னது முழு உண்மை. என் சம்பளத்துக்கும் அந்த வட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அதைத்தான் அவர் நம்பவே இல்லை. வேலை போகப்போகிற ஒருத்தி, எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் 'ஒண்ணும் ஆவாது' என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார். அவர் என் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மதிப்பீட்டு நாளுக்காக நான் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பச்சையும் வேண்டாம் மஞ்சளும் வேண்டாம். அவள் படிப்பதை ஒரு வெளி ஆள் கேட்க வேண்டும். நான் சொன்னால் பாசத்தில் சொல்கிறாள் என்பார்கள். ஒரு வெளி ஆள் காதால் கேட்டுவிட்டால் அவள் அம்மா நம்புவார், அக்கா நம்புவாள், அவளே நம்புவாள். அது ஒன்றுக்காகத்தான் அன்று எனக்கு அத்தனை படபடப்பு.

டேப்லெட்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சன்னலோரம் காலியாக இருந்தது.

'எங்க உன் தங்கச்சி?' என்று அக்காவைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். 'தெரியலீங்க டீச்சர்.'

ஆராய்ச்சி மாணவியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், நல்ல புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. வீடு பூட்டியிருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி வெளியே வந்து, வாசலை மறித்த மாதிரி நின்றுகொண்டு, 'ஊருக்குப் போயிருக்குதுங்க டீச்சர், அவங்க மாமன் வூட்டுக்கு' என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நேற்று மாலை, நாளைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போன பிள்ளை, விடிவதற்குள் எந்த மாமன் வீட்டுக்குப் போயிருக்கும்? மறுபடியும் தெருவில் நின்று இரண்டு மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டேன். ஒரு நாய்தான் வந்து பார்த்துவிட்டுப் போனது.

திரும்பி வந்தபோது மதிப்பீடு பாதி முடிந்திருந்தது. மத்தியானத்துக்குள் இன்னொரு பள்ளிக்குப் போயாக வேண்டுமாம். அக்கா மூச்சு விடாமல் படித்து முடித்தாள். மற்றவர்களும் படித்தார்கள். கடைசியில் ஆராய்ச்சி மாணவி அவள் பெயரின் மேல் விரலை வைத்து 'வரவில்லை' என்று தட்டினாள். அவ்வளவுதான், பெயர் சாம்பல் நிறமாகி, திரையில் கீழே இறங்கி, காணாமல் போய்விட்டது. மேலே வட்டம் பச்சையானது. தலைமையாசிரியர் கை தட்டினார், பிள்ளைகளும் தட்டினார்கள்.

'அவ பேரையும் சேத்துக்குங்க' என்றேன். 'நாளைக்கு வந்து கேளுங்க. இல்லன்னா போன்ல கேளுங்க. அவ நல்லாப் படிப்பா.'

'வராதவங்களுக்கு இதுல கட்டமே இல்லீங்க மேடம். வந்தவங்கள்ல எத்தனை பேருன்னுதான் கணக்கு.' அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. 'குறிப்புல வேணா எழுதறேன். ஆனா நம்பர் மாறாது.'

'அவளுக்காகத்தானம்மா இந்தத் திட்டத்தயே ஆரம்பிச்சீங்க?' என் குரல் உயர்ந்துவிட்டது. 'அக்காக்காரி நான் வராட்டியும் படிச்சிருப்பா. இந்த ரூமுல யாருக்காவது நான் தேவப்பட்டேன்னா அது அவளுக்குத்தான். அவளையே விட்டுட்டு என்னத்தக் கணக்கு எடுக்கறீங்க?'

தலைமையாசிரியர் என்னைச் சமாதானப்படுத்தி வெளியே அழைத்துப் போனார். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளையும் யாரோ ஒரு வட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அன்று எனக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது பிள்ளையின் அம்மா வேகவேகமாக வந்தார். கையில் ஒரு பை நிறையத் தக்காளி. முகமெல்லாம் சந்தோஷம்.

'பச்சைதானுங்களே டீச்சர்?'

'பாப்பா எங்கம்மா?'

'வூட்லதாங்க இருக்குது.' குரலைத் தாழ்த்திக்கொண்டார். 'பக்கத்து வூட்ல உக்கார வெச்சிருந்தேனுங்க. நீங்க வந்து கூப்பிட்டீங்களாமே, உள்ளாறதான் இருந்துதாம். சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன், மூச்சுக் காட்டல பாருங்க. சமத்துங்க.'

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

'பொண்ணு பாக்க வர்றாங்கன்னா எல்லாத்தயுமா முன்னாடி கொண்டாந்து நிறுத்துவோம்? எங்கக்காவப் பாக்க வந்தப்ப என்னையும் அப்படித்தானுங்க பக்கத்து வூட்ல கொண்டுபோயி வெச்சாங்க. எனக்குச் சின்னதுல வலிப்பு வரும். வந்தவங்க முன்னாடி வந்துட்டா அக்கா கல்யாணம் நின்னு போயிருமில்ல? நான் அவங்க போற வரைக்கும் அசையாம இருந்தேன். அக்கா நல்லபடியா வாழுது. எனக்கு இன்னா கொறஞ்சு போச்சு?' என்றார். பிறகு என் கையில் பையைத் திணித்தார். 'அதுங்க ரெண்டையும் உங்க சொந்தப் புள்ளைங்களாட்டம் பாத்துக்கிட்டீங்க. உங்க பேரு கெடறதுக்கு எம்புள்ள காரணமாயிடக் கூடாதுங்க டீச்சர்.'

நான் திட்டியிருக்க வேண்டும். என் வாய்க்கு அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டேன். எனக்கு யாரும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. பெற்ற பிள்ளையை ஒளித்துவைத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அதுவும் எந்த ஆபத்தும் இல்லாத என்னை.

ஆட்டோவை விட்டுவிட்டு அவரோடு வீட்டுக்குப் போனேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், சொன்ன மாதிரியே நல்ல சட்டை போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

'எல்லாரும் படிச்சாங்களா டீச்சர்?'

'படிச்சாங்க கண்ணு. நீதான் பாக்கி. உங்கம்மா கேக்கட்டும், இப்ப படி.' என் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அவள் நன்றாகப் படிக்கிற பக்கத்தை விரித்து மடியில் வைத்தேன்.

அவள் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உள்ளங்கையை அதன் மேல் வைத்து மூடினாள்.

'இன்னைக்கு நான் படிக்கக் கூடாதுங்க டீச்சர். நான் படிச்சா மஞ்சளாயிடும்.'

'இல்ல கண்ணு, அவங்கல்லாம் போயிட்டாங்க.'

இல்லை என்று தலையை ஆட்டினாள். எவ்வளவு கெஞ்சியும் கையை எடுக்கவில்லை. 'பாத்தீங்களா, நான்தான் சொன்னேனில்ல டீச்சர்' என்று அவள் அம்மா, கோபமே இல்லாமல், பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தார். பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். மடியில் அந்தத் தக்காளிப் பை இருந்தது.

பச்சை வந்த பள்ளிக்குத் தனி ஆசிரியை தேவையில்லை என்பது திட்டத்தின் விதி. இலக்கை அடைந்துவிட்டதாம், இனி தேவைப்படுகிற பள்ளிக்குப் போக வேண்டுமாம். நான் எழுதிப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன், ஆண்டு முடிகிற வரைக்குமாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். 'உங்க பள்ளியில பின்தங்கின குழந்தை யாருமே இல்லையே மேடம்' என்று பதில் வந்தது. அவர்கள் திரையில் அது உண்மைதான். இண்டூர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அவளுடைய மதிய வகுப்பு அதோடு நின்றது. கடைசி நாள் அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், அக்காவோடு சேர்ந்து படி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்து கொஞ்ச நாள் ஆனதும், அந்தப் பள்ளியை முன்மாதிரிப் பள்ளி என்று மற்றவர்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகளும் வீடியோ எடுக்கிறவர்களும் வேனில் வந்தார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள், முறையை விளக்கிச் சொல்வதற்காக. எனக்கு முறையும் வேண்டாம் விளக்கமும் வேண்டாம், அவளைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். வேன் வளைவில் திரும்பும்போதே பள்ளி தெரிந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகளில் அவள் இருந்தாள். நான் கையசைத்தேன். அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே போய்விட்டாள்.

இறங்கியதும் தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

'யாரு வந்தாலும் இப்படித்தாங்கம்மா. கேஸ் சிலிண்டர் போடறவன் வந்தாக்கூட எந்திரிச்சுப் போயிடுது. வந்தவங்க போனதும் அதுவா வந்து உக்காந்துக்குது. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குது' என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக, வகுப்பறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

'ஏன் கண்ணு இங்க வந்துட்டே?'

'அவங்க வந்திருக்காங்கல்ல டீச்சர்.'

'அவங்ககூட நானும்தான் வந்திருக்கேன். உன்னப் பாக்கத்தான் வந்தேன்.'

'தெரியுங்க டீச்சர். உங்களப் பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன்.' ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள். 'உங்களுக்குப் பச்சை வரணுமில்ல.'

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கை வந்தது, ஆள் வரவில்லை. நீ நன்றாகப் படிக்கிற பிள்ளை, உன்னால்தான் எனக்குப் பேரே, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். பெரியவர்கள் சொல்வதைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், கேமராவுக்காகப் பிள்ளைகள் ஒரே குரலில் பாடத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். அவள் மடியில் அதே பாடம்தான் விரிந்திருந்தது. விரல் வரிக்கு அடியில் நகர்ந்தது. உள்ளே குரல் எழும்புவதற்கு முன்பே அடுத்த சொல்லுக்குப் போனது, அதற்கடுத்த சொல்லுக்கும் போனது. உதடுகள் அசைந்தன. ஒரு சொல்கூடத் தப்பவில்லை. ஆனால் சத்தமே இல்லை.

'சத்தமாப் படி கண்ணு' என்றேன்.

அவள் பயந்துபோய் என் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

'உள்ள இருக்கறவங்களுக்குக் கேட்டுடும் டீச்சர்.'